குடைக்கல்லில் இறங்கியவள்

அலோர் காஜாவைத் தாண்டித் தம்பின் ரயில் நிலையத்துக்குப் போகும் சடக்கின் இடப்பக்கத்தில் அந்தக் கல் நின்றது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கரும்பாறை. அதன் தலையில், அதைப்போல நாலு மடங்கு அகலத்தில் இன்னொன்று. இப்போது விழுமோ, அப்புறம் விழுமோ என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். மலாய்க்காரர்கள் அதைப் பத்து பாயோங் என்றார்கள். தமிழர்களுக்கு அது குடைக்கல். கார் வைத்திருந்த சீன முதலாளிகளான தவுக்கேக்களும் வெள்ளைக்காரர்களும் அங்கே வண்டியை நிறுத்திப் படம் பிடித்துக்கொள்வார்கள். அடிக்கல் முழுக்க யார் யாரோ ஆணியால் கீறிவிட்டுப் போன பெயர்கள்.

கல்லைச் சுற்றி ஒரு காலத்தில் அடர்ந்த காடு இருந்தது. ரப்பர் நடுவதற்காக ஒரு கம்பெனி அதை வெட்டி எரித்தது. எரித்த சூடு ஆறும் முன்பே ரப்பர் விலை விழுந்துவிட்டது. போன கம்பெனிக்காரர்கள் வெகுகாலம் திரும்பி வரவில்லை. பெய்த மழையில் மேல்மண்ணெல்லாம் அடித்துக்கொண்டு போக, மிஞ்சியது வெள்ளை மணலும் கரிக்கட்டையாக நின்ற அடிமரங்களும்தான். எங்கு பார்த்தாலும் பச்சையாகக் கிடக்கும் மலாக்காவில், கண்ணுக்கு எட்டிய தூரம் அப்படி ஒரு பாலை. நடுவில் அந்தக் குடை.

1931-ஆம் வருஷம், செர்காமுக்கு உள்ளே இருந்த ஒரு தோட்டத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட லோரி அங்கே வந்து நின்றது. எல்லாரும் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள். தோட்டத்தில் பாதி மரத்தைப் பால் வெட்டாமல் விட்டாகிவிட்டது. வேலை இல்லை, அரிசி இல்லை. தம்பினில் ரயில், பிறகு கப்பல், பிறகு இந்தியா. பாச்சாங் தாண்டும்போதே லோரியின் மூக்கிலிருந்து ஆவி வர ஆரம்பித்திருந்தது. குடைக்கல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓடை உண்டு என்பது சீன டிரைவருக்குத் தெரியும். வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

"எல்லாம் எறங்கிக் கைகால் நீட்டிக்குங்க. கட்டுச்சோறு இருந்தா தின்னுக்குங்க. தூரமா எவனும் போகக் கூடாது" என்றார் சின்னத்தம்பிக் கங்காணி. இவர்களை ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டியது அவர் பொறுப்பு. இவர்களில் பாதிப் பேரை முதலில் கப்பலேற்றிக் கூட்டிவந்தவரும் அவர்தான், தம் சொந்த ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும்.

குஞ்சம்மா தன் மகள் மங்களத்தைத் தூக்கி இறக்கிவிட்டுத் தானும் குதித்தாள். புருஷன் மாயாண்டி மூட்டையோடு பின்னால் வந்தான். மூன்று பேரும் கல்லின் நிழலில் உட்கார்ந்தார்கள்.

குஞ்சம்மா இந்தியாவைப் பார்த்ததில்லை. செர்காம் தோட்டத்துக் கூலிகளின் வரிசைவீட்டில், லயத்தில், பிறந்தவள். பத்து வயதில் பால்வாளி தூக்கியவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அந்தத் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார்கள். மாயாண்டி அப்படியல்ல. ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மீசை முளைக்கும் வயதில் வந்தவன். அதிர்ந்து பேசத் தெரியாதவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். லயத்துப் பெண்கள் அதற்காகவே குஞ்சம்மாவைக் கொடுத்துவைத்தவள் என்பார்கள். அவன் ஊருக்குப் போகலாம் என்றபோது அவள் சரி என்றாள். வேறு என்ன சொல்வதென்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

சோற்றை உருட்டி மகள் கையில் வைத்துக்கொண்டே மாயாண்டி பேச ஆரம்பித்தான்.

"புள்ள, ஒரு விஷயம் இப்பவே சொல்லி வச்சிர்றேன். ஊருக்குப் போனதும் மேலத்தெரு வழியா நடக்கக் கூடாது. வயக்காட்டு வழியா சுத்தித்தான் நம்ம வீட்டுக்குப் போகணும்."

"ஏன், தெருவுல சடக்குப் போடுறாங்களா?"

"அதெல்லாம் இல்ல. நாம நடக்கக் கூடாது."

குஞ்சம்மா அவனைப் பார்த்தாள். அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"கெணத்துல நீயா தண்ணி எறைக்காத. யாராச்சும் வந்து ஊத்துவாங்க, காத்திருந்து வாங்கிக்கணும். எதிர்ல ஆளு வந்தா ஒதுங்கி நின்னு சாமின்னு சொல்லணும். மங்களத்துக்கும் சொல்லிக் குடு. அவ நிமிர்ந்து நிமிர்ந்து பாக்குறா, அது ஆகாது. அப்புறம்..." என்று கொஞ்சம் தயங்கினான். "ரவிக்கை. கப்பல விட்டு எறங்குனதும் கழட்டி மூட்டையில வச்சிரு. அங்க நம்ம பொம்பளைங்க போட மாட்டாங்க."

"போட மாட்டாங்களா, போட விட மாட்டாங்களா?"

அவன் அடுத்த உருண்டையை உருட்டினான்.

தோட்டத்தில் எல்லாரும் ஒன்று என்று குஞ்சம்மா நினைத்ததில்லை. அங்கேயும் அவர்களுக்குக் கடைசி லயம்தான். கோயில் திருவிழாவில் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆனால் குழாயில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் பிடிக்கலாம். மலாக்கா பாசாரில் காசு கொடுத்தால் எந்தத் துணியையும் வாங்கலாம், வாங்கியதை உடுத்தலாம். அவள் போட்டிருந்த நீல ரவிக்கை அப்படி வாங்கித் தைத்ததுதான்.

மங்களம் கேட்டாள். "எதுக்குப்பா சாமின்னு சொல்லணும்? அவங்க சாமியா?"

"சும்மா இரும்மா. அது ஒரு பழக்கம்தான். ரெண்டு நாள்ல பழகிடும்."

அப்போதுதான் குஞ்சம்மா கவனித்தாள். மாயாண்டி காலில் செருப்பு இல்லை. காலையில் லோரி ஏறும்போது போட்டிருந்தான். வழியில் எங்கோ கழற்றி மூட்டைக்குள் வைத்துவிட்டிருக்கிறான். துண்டு தோளிலிருந்து இறங்கி அக்குளில் ஒடுங்கியிருந்தது. கப்பல் இன்னும் கண்ணில் படவில்லை, கடல்கூடத் தெரியவில்லை. இவன் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"இத ஏன் தோட்டத்திலேயே சொல்லல?"

"சொன்னா நீ வர மாட்டேன்னு தெரியும்."

கொஞ்சம் தள்ளிச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த சின்னத்தம்பிக் கங்காணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரும் அதே ஊர், மேலத்தெரு. சிரித்தபடி சொன்னார். "மாயாண்டி, இங்க வளந்த கழுதைக்கு வாயால சொன்னா வெளங்காதுடா. அங்க போனா தன்னால குனியும்."

மாயாண்டியும் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் என்று சிரித்தான்.

குஞ்சம்மா எழுந்தாள். மங்களத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கல்லைச் சுற்றி நடந்தாள். பின்பக்கம் அடிக்கல் படிபோல உடைந்திருந்தது. மகளை முதலில் ஏற்றினாள், தானும் ஏறினாள். மேல்கல்லுக்குக் கீழே நாலு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு மேடை. அங்கே உட்கார்ந்துகொண்டாள். சுற்றிலும் வெயிலில் வெள்ளை மணல் கண்ணைக் குத்தியது. கல்லுக்குள் குளிர்ச்சியாக இருந்தது.

டிரைவர் தண்ணீர் ஊற்றி முடித்து ஹாரன் அடித்தான். எல்லாரும் ஏறினார்கள்.

"குஞ்சு, வா புள்ள. வண்டி எடுக்குறாங்க" என்று மாயாண்டி கீழிருந்து கூப்பிட்டான்.

"நான் வரல."

"வெளையாடாத."

"வெளையாடல. நான் வரல. மங்களமும் வரல."

கங்காணி லோரியிலிருந்து இறங்கி வந்தார். கையில் பிரம்பு இருந்தது. "ஏய், என்னடி கூத்து? எறங்கு."

"மாட்டேன்."

"ரயில் போயிரும்டி!"

"போகட்டும்."

இவ்வளவு காலத்தில் தோட்டத்தில் ஒரு பெண் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. லோரியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கல்லைச் சுற்றி வந்து ஏறப் பார்த்தார். பூட்ஸ் வழுக்கியது. மறுபடியும் ஏறினார். குஞ்சம்மா மேடையின் விளிம்புக்கு வந்து நின்றாள்.

"கங்காணியாரே, ஏறுங்க. ஆனா மேல வந்து என்மேல கை வச்சீங்கன்னா ரெண்டு பேரும் சேந்துதான் விழுவோம். நான் பொய் சொல்ல மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்."

கங்காணி பாதி ஏறிய இடத்தில் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இறங்கிவிட்டார். இறங்கியதை மறைக்க மாயாண்டியின் பக்கம் திரும்பிக் கத்தினார். "டேய்! பொண்டாட்டிய எறக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஆம்பளையா?"

மாயாண்டி கல்லருகில் வந்து அண்ணாந்து நின்றான். வெயில் அவன் கண்ணில் அடித்தது.

"குஞ்சு. அங்க என் ஆத்தா இருக்கா. கண்ணு தெரியாம இருக்கா. நான் போகணும்."

"நீங்க போங்க. வேண்டாம்னு சொல்லல. ஆத்தாளப் பாக்கணும், அது நியாயம்."

"நீயில்லாமயா?"

"என்னைய ரவிக்கையோட கூட்டிட்டுப் போவீங்களா? தெரு வழியா கூட்டிட்டுப் போவீங்களா? சொல்லுங்க, இப்பவே எறங்குறேன்."

அவன் வாயைத் திறந்தான். பொய் சொல்லியிருக்கலாம். சரி என்று ஒரு வார்த்தை போதும். அவள் இறங்கி வந்திருப்பாள். மாயாண்டி அதைச் சொல்லவில்லை. அதற்காகப் பிறகு எந்நாளும் அவனை அவள் குறை சொன்னதில்லை.

"முடியாது புள்ள. அடிச்சே கொன்னுருவாங்க."

"அப்ப நீங்களும் எறங்கிருங்க. இங்க யாரும் கொல்ல மாட்டாங்க."

"இந்தப் பொட்டல்லயா? என்ன திம்பீங்க?"

"தெரியல" என்றாள் குஞ்சம்மா. அது உண்மை. அவளுக்குத் தெரியவில்லை.

ஹாரன் மறுபடியும் அடித்தது. டிரைவர் தலையை நீட்டி மலாயில் கத்தினான், ரயில் யாருக்காகவும் நிற்காது என்று. மாயாண்டி லோரியைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். பிறகு மூட்டையை மணலில் பிரித்து வைத்து, கம்பளி, சட்டி, அரிசி, மண்வெட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லோரம் வைத்தான். தனக்கு ஒரு வேட்டியை மட்டும் சுருட்டிக்கொண்டான். மங்களம் மேலிருந்து அழுதாள். அவன் கையை மேலே நீட்டினான்; எட்டிய மட்டும் அவள் பாதத்தைத் தொட்டான்.

அவன் லோரி ஏறும் நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு தகரப்பெட்டி வெளியே விழுந்தது. அதன் பின்னாலேயே பெத்தம்மாள் இறங்கினாள். கடைசி லயத்து விதவை. இந்தியாவில் அவளுக்கு யாரும் கிடையாது. ஏற்றினார்கள், ஏறியிருந்தாள்.

"நீ எங்க போற?" என்றார் கங்காணி.

"மூத்திரம் பேய" என்றாள் பெத்தம்மாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லைப் பார்த்து நடந்தாள். திரும்பவேயில்லை.

லோரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சத்தம் அடங்கும்வரை குஞ்சம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குப்புறப் படுத்துக் கல்லின் விளிம்பில் வாந்தி எடுத்தாள். பெத்தம்மாள் ஏறி வந்து அவள் முதுகைத் தடவினாள்.

"பெத்தம்மாக்கா, தப்புப் பண்ணிட்டேனா?"

"தெரியலடி. வா, மொதல்ல அடுப்பு மூட்டுவோம். தப்பாயிருந்தாலும் சோறு தின்னுட்டு நெனைக்கலாம்."

விறகுக்குப் பஞ்சமில்லை; சுற்றிலும் கரிக்கட்டை. தண்ணீருக்கு ஓடை. மழைக்குக் குடை. அரிசிதான் சீக்கிரம் தீர்ந்தது. எரிந்த காட்டில் விறகு பொறுக்க வந்த உசேன் என்ற மலாய்க்காரர் கல்லுக்குக் கீழே புகையைப் பார்த்துவிட்டு முதலில் பேய் என்று நினைத்து ஓடினார். பிறகு பெண்டாட்டியோடு வந்து பார்த்தார். அவர்கள் கம்பத்துக் கிராமத்தில் நெல் அறுக்கும் சமயம். குஞ்சம்மாவும் பெத்தம்மாளும் போய் அறுத்தார்கள். கூலியாக நெல்லும், ஓடைக்கரையில் நட மரவள்ளிக் குச்சிகளும் கிடைத்தன. மணலில் மரவள்ளியா என்று உசேனின் பெண்டாட்டி சிரித்தாள். மரவள்ளிக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை; நட்ட இடத்தில் துளிர்த்தது.

சில மாதம் கழித்து ஒரு கார் வந்து நின்றது. கங்காணி புகார் சொல்லியிருக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி இறங்கினார். கூடவே அவருடைய கிளார்க் ஜெயரட்ணம், யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கோட்டுப் போட்டவர். துரை ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

"பிள்ளை, ஏன் ஊருக்குப் போகேல்லையெண்டு துரை கேக்கிறார்" என்றார் ஜெயரட்ணம்.

"போக மாட்டேன்னு சொல்லுங்க. ஏத்தி அனுப்புனா வழியில மறுபடியும் எறங்குவேன். கப்பல்ல ஏத்துனா கடல்ல குதிப்பேன்."

ஜெயரட்ணம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உப்பிடியெல்லாம் துரையிட்டச் சொல்லேலாது பிள்ளை. நான் பக்குவமாச் சொல்லுறன்."

அவர் சொன்னது நாலைந்து வார்த்தைதான். சொல்லும்போது தலையைப் பணிவாக ஆட்டினார். துரை இரக்கத்தோடு குஞ்சம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் பேச்சை எங்கேயோ குனிய வைத்துவிட்டார்கள் என்று மட்டும் புரிந்தது. துரைமார்களுக்கு மலாய் தெரியும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"துவான். சாயா தா மாவு பெர்கி. சாயா பெரானா சினி." துரை, எனக்குப் போக விருப்பமில்லை, நான் பிறந்தது இங்கே என்றாள்.

துரையின் புருவம் ஏறியது. அவரும் மலாயிலேயே கேட்டார், எதைத் தின்று பிழைப்பாய் என்று. அவள் ஓடைக்கரையைக் காட்டினாள். அவர் நடந்து போய்ப் பார்த்தார். மரவள்ளி இடுப்பு உயரம் வந்திருந்தது. பக்கத்தில் கீரையும் மிளகாயும். திரும்பி வந்து கல்லை அண்ணாந்து பார்த்தார்.

நிலம் கம்பெனியுடையது என்றார். கம்பெனி கேட்கும்வரை உணவுப் பயிர் வைத்துக்கொள்ளலாம், யாரையும் கட்டாயப்படுத்திக் கப்பலேற்றச் சட்டத்தில் இடமில்லை என்றார். காரில் ஏறும் முன் ஜெயரட்ணம் மட்டும் ஒரு நிமிஷம் தங்கினார்.

"கெட்டித்தனம்தான். ஆனா உன்ர வாய் உன்னை ஒரு நாள் விழுத்தும் பிள்ளை."

"இதுவரைக்கும் அதுதான் ஐயா நிக்க வச்சிருக்கு."

அவர் சிரிக்காமல் காரில் ஏறினார். ஆனால் அடுத்த மாதம் அந்த வழியாகப் போன பஸ்ஸில் அவர் அனுப்பிய வெண்டை விதையும் கத்தரி விதையும் ஒரு பொட்டலத்தில் வந்தன.

அந்த வருஷம் வேலை போன இன்னும் சில குடும்பங்கள் வந்து சேர்ந்தன. கல்லைச் சுற்றிக் குடிசைகள் எழுந்தன. குஞ்சம்மா கீரையும் கிழங்கும் கட்டி அலோர் காஜா பாசாருக்குச் சுமந்தாள். ஊர்ப்பக்கமிருந்து வந்த ஒருவன் மாயாண்டியைப் பார்த்ததாகச் சொன்னான். ஆத்தா செத்துவிட்டாளாம். அவன் பண்ணையில் வேலை செய்கிறானாம். மங்களம் வளர்ந்துவிட்டாளா என்று கேட்டானாம். குஞ்சம்மா அன்று முழுவதும் பாத்தியைக் கொத்திக்கொண்டே இருந்தாள். தாலியை அவள் கழற்றவில்லை. பரிதாபப்பட்டு வந்து உட்கார்ந்த பெண்களை மட்டும் எழுப்பி அனுப்பினாள். "அவரு அவரு எடத்துக்குப் போனாரு. நான் என் எடத்துல இருக்கேன். இதுல அழ என்ன இருக்கு?" என்றாள். அதற்குப் பிறகு ஓடைக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினாள்.

சில வருஷம் கழித்து ரப்பர் விலை ஏறத் தொடங்கியதும் கம்பெனி திரும்பி வந்தது. மணலைத் தாண்டிய மேட்டு நிலத்தில் கன்று நட்டார்கள். அந்தப் பக்கம் பழைய தோட்டம் ஒன்றையும் வாங்கினார்கள். அங்கே பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. ஊருக்கு அனுப்பிய ஆட்கள் அவ்வளவு சுலபமாகத் திரும்பவில்லை. கைப்பழக்கம் உள்ள வெட்டுக்காரர்களுக்கு எங்கும் கிராக்கி.

ஒரு நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சின்னத்தம்பிக் கங்காணி வந்தார். இப்போது இந்தக் கம்பெனியில் வேலை. தலை நரைத்திருந்தது. குஞ்சம்மா பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், உன்னத்தான்..." என்று ஆரம்பித்தார்.

அவள் நிமிரவில்லை. கூப்பிட்டது காதில் விழாதவள்போல் அடுத்த பாத்திக்குப் போனாள். வெயில் ஏறியது. கங்காணி நின்றார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "குஞ்சம்மா" என்றார்.

"வாங்க கங்காணியாரே. என்ன விஷயம்?"

"பால் வெட்ட ஆளு வேணும். லயத்துல வீடு தர்றோம். இந்தக் குடிசையெல்லாம் பிரிச்சிட்டு எல்லாரும் வந்திருங்க."

"குடிசையப் பிரிக்க மாட்டோம்."

"நெலம் கம்பெனியோடது, ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு. ஆளு யாரோடதுன்னு கம்பெனிக்கு ஞாபகம் இருக்கட்டும். மேட்டு நெலத்த எடுத்துக்குங்க. இந்த மணல்ல உங்க ரப்பரு மொளைக்காது, எங்க கெழங்குதான் மொளைக்கும். வீடு இங்க இருக்கும். காலையில பெரட்டுக்குப் பேரு குடுக்க நாங்க நடந்து வருவோம். வேல முடிஞ்சா நடந்து திரும்புவோம். பொம்பளைங்களுக்கும் ஆம்பளைங்களுக்கும் ஒரே கூலி. பிரம்ப எடுத்துக்கிட்டு நாங்க பால் வெட்டுற மர நெறைக்குள்ள நீங்க வரக் கூடாது."

கங்காணி அவளை வெறித்துப் பார்த்தார். மற்ற குடிசைகளிலிருந்து பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். பெத்தம்மாள் அரிவாளைக் கல்லில் தீட்டுவதை நிறுத்தாமல் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூலி விஷயம் கம்பெனித் தொரை ஒத்துக்க மாட்டாரு."

"அப்ப தொரையே வெட்டட்டும்."

யாரோ சிரித்தார்கள். கங்காணியின் காது சிவந்தது. சைக்கிளைத் திருப்பினார், போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். வீடும் பிரம்பும் சரி. கூலியில் முழுச் சமம் இல்லை, முன்பைவிடக் கொஞ்சம் கூட்டித் தருவதாகத் துரை சொல்கிறார் என்றார். குடிசைக்காரர்கள் கல்லடியில் கூடிப் பேசினார்கள். பேச்சு நீண்டது. பெத்தம்மாள் வேண்டாம் என்றாள், மற்றவர்கள் பிள்ளைகளைக் காட்டினார்கள். கடைசியில் குஞ்சம்மா எழுந்து வந்தாள்.

"இந்த வருஷத்துக்கு இது போதும். அடுத்த வருஷம் மிச்சத்தக் கேப்போம்."

"உன் திமிரு கொறையவே இல்லடி" என்றார் கங்காணி.

"கொறையாது. நாளைக்குக் காலையில வர்றோம். கத்தியெல்லாம் பழசா குடுத்து ஏமாத்தாம புதுசா எடுத்து வைங்க."